படிக்கட்டு இல்லாத வீடு

எந்தக் கட்சி, எந்தத் தொகுதின்னு என்னைக் கேக்காதீங்க. சொன்னா ஆள் இன்னாருன்னு தெரிஞ்சிடும், அவரு வீட்டாளுங்க இன்னும் நல்லா இருக்காங்க. திண்டிவனத்துல கிளினிக் வெச்சிருந்த டாக்டரு ஒருத்தரு எம்.பி.யாகி டெல்லிக்குப் போனாரு. அவரு கிளினிக்ல நான் நர்ஸ். எண்பதுகள்ல நடந்த கதை. அவ்ளோ தெரிஞ்சா போதும்.

நர்சுன்னா படிச்ச நர்சு இல்ல. பத்தாவது முடிச்சிட்டு அவருகிட்டயே ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கத்துக்கினவ. வைத்தியத்துல அவரைக் குறை சொன்னா என் வாய் அழுகிப்பூடும். மரக்காணத்துலேர்ந்து, வானூருலேர்ந்து எல்லாம் ஜனங்க தேடிக்கினு வருவாங்க. இல்லாதவங்க ஒரு படி மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, கொண்டாந்து வெச்சா அதையும் சிரிச்சுக்கினே வாங்கிப்பாரு. நெத்தி நெறைய திருநீறு, மடிப்பு கலையாத வேட்டி. அவரு உள்ள நுழைஞ்சா பாதி ஜுரம் அங்கியே எறங்கிடும். ஆனா மனுஷனுக்குக் குசும்பு ஜாஸ்தி.

அடிபட்ட பொம்பளைங்க வருவாங்க. உதடு கிழிஞ்சு, கண்ணு வீங்கி, கை ஒடிஞ்சு. கூடவே மாமியாரோ புருஷனோ மொறைச்சுக்கினு நிப்பாங்க. "எப்டிம்மா ஆச்சு?"ன்னு டாக்டரு கேப்பாரு. "படியில வழுக்கி விழுந்துட்டேங்க." எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க. குடிசையில இருக்கறவளும் படிம்பா, களத்துமேட்டுல கொட்டாய் போட்டுக்கினு கெடக்கறவளும் படிம்பா. அடிச்சான்னு வாயைத் தொறந்தா போலீஸ் கேசாயிடும். டாக்டருக்கும் பேஜாரு, அவளுக்கும் வீட்டுக்குப் போனதும் இன்னொரு மொறை பூஜை நடக்கும். அதனால படிங்கறது எங்க கிளினிக்ல வழக்கமாயிடுச்சு. டாக்டரு தையல் போட்டுக்கினே, "உங்க ஊரு படிக்கட்டு ரொம்பக் கோவக்காரப் படிக்கட்டா இருக்குதே, நீதான் கொஞ்சம் அனுசரிச்சு நடக்கணும்"பாரு. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க வரைக்கும் சிரிப்பாங்க. தையல் போட்ட உதட்டோட அவளும் சிரிப்பா. நானும் சிரிப்பேன். அப்ப எனக்குக் கல்யாணம் ஆவல.

அப்புறம் எனக்கும் ஆச்சு. விழுப்புரத்தாண்ட காணையில குடுத்தாங்க. சொந்த நெலம், கரும்பு, நெல்லு, பம்புசெட்டு. ஓட்டு வீடு, தெருவுலேர்ந்து கொல்லை வரைக்கும் ஒரே மட்டமா தரை. படின்னு பேருக்கு ஒண்ணு கெடையாது அந்த வீட்டுல.

ஒருநாள் கேப்பைக் கூழுல உப்பு கம்மியா இருந்துது. அவ்ளோதான் விஷயம். வெங்கலச் சொம்பை எடுத்து என் மண்டையில போட்டான், கட்டிக்கினவன். பாப்பாவுக்கு அப்ப நாலு வயசு. அடுப்பாண்ட உக்காந்து பாத்துக்கினே இருந்துது. துணியைச் சுருட்டி மண்டையில அமுக்கிக்கினு, புள்ளையை இடுப்புல தூக்கிக்கினு பஸ் ஏறிட்டேன். விழுப்புரத்துலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்குது. நான் அங்க போவல. எங்க டாக்டரு இருக்கும்போது கண்டவங்க கையில எதுக்குத் தலையைக் குடுக்கணும்னு திண்டிவனம் பஸ்ஸுக்கு மாறினேன்.

பக்கத்து சீட்டுல ஒரு அம்மா, "அய்யய்யோ, இன்னாம்மா இது ரத்தம்?"ன்னு கேட்டா. நான் பேசறதுக்குள்ள பாப்பா, "அப்பா சொம்பால..."ன்னு ஆரம்பிச்சுது. தொடையில நறுக்குன்னு ஒண்ணு கிள்ளினேன். "யார் கேட்டாலும் அம்மா படியில விழுந்துட்டாங்கன்னு சொல்லணும், தெரிஞ்சுதா?"ன்னு காதுல சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கினே அந்த அம்மாவைப் பாத்து அப்டியே சொல்லுச்சு. "சமத்து"ன்னு ஒரு முத்தம் குடுத்தேன். அதுக்கப்புறம் திண்டிவனத்துல எங்க அம்மா வீட்டுத் தெருவுல யாரு என் தலையில இருந்த கட்டைப் பாத்துக் கேட்டாலும் எனக்கு முன்னாடி அதுவே ஓடிப்போய் சொல்லும். சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாக்கும். நானும் முத்தம் குடுப்பேன். பொம்பளைப் புள்ளையாச்சே, நாளைக்கு அதைக் கட்டிக்குடுக்கும்போது தகப்பன் பேரு கெட்டுப்போயிருந்தா யாரு வருவா?

அன்னிக்கி டாக்டரு என் முடியை வெலக்கிப் பாத்தாரு. "படியா?"

"ஆமாங்க ஐயா."

"படியோட விளிம்பு வட்டமாவா இருக்கும்? சொம்பா, குண்டானா?"

"சொம்புதான்"னு அவரே தீர்ப்பு சொல்லிட்டு சிரிச்சாரு. தையல் முடிஞ்சதும் சிரிப்பை நிறுத்திட்டு, "இன்னொரு மொறை அங்க போவாத. அடுத்த வாட்டி தைக்கறதுக்குத் தலை இருக்காது. இங்கியே வேலைக்கு வந்துடு"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்குக் கோயிலே கட்டியிருப்பேன்.

நான் மறுபடி வேலைக்கு வந்த நேரம், அவருக்கு ஊசியைவிட மைக்கு ருசிக்க ஆரம்பிச்சிருந்துது. முதல்ல கும்பாபிஷேகக் கமிட்டி, அப்புறம் கல்யாண மண்டபம், அப்புறம் கட்சி மேடை. அடக்கம், ஒழுக்கம், கூட்டுக் குடும்பம், நம்ம முன்னோருங்க காட்டின வழி. தண்ணி மாதிரி பேசுவாரு. எலக்ஷன்ல நிக்க வெச்சாங்க. மத்தவங்கல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு ஓட்டு கேட்டாங்க, இவரு தெருத்தெருவா நாடி புடிச்சாரு. ஒரு கெழவி கையைப் புடிச்சுக் கண்ணை மூடிக்கினு நின்னார்னா அந்தத் தெருவே மயங்கிப்பூடும். ஜெயிச்சாரு. கிளினிக்ல ஒரு சின்ன டாக்டரை உக்கார வெச்சுட்டு டெல்லிக்குப் போயிட்டாரு.

அங்க ஏதோ சட்டம் பேசினாங்களாம், பொண்டாட்டியை அடிக்கறவனைப் புடிச்சு உள்ள போடறதுக்கு. நம்மாளு எழுந்தாரு. போட்டோவோட பேப்பர்ல வந்துது, கண்ணாடி போட்டு கிளினிக் செவத்துல மாட்டினாங்க. நான் கிராமத்து டாக்டர், இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்த ஒரு பெண்கூட புருஷன் அடிச்சான்னு சொன்னது கெடையாது, நம்ம குடும்பங்களுக்குள்ள போலீசை விடாதீங்க. இதுதான் பேச்சு. எல்லாரும் மேசையைத் தட்டினாங்களாம். தட்டமாட்டாங்களா பின்ன? சத்தியமான வார்த்தையாச்சே, ஒருத்தியும் சொன்னதில்லதான்.

படிச்சதும் அந்தப் படத்தைக் கழட்டிக் குப்பையில போடலாமான்னு இருந்துது. ஆனாலும் டெல்லியில பேசறது டெல்லியோட போச்சு, என் தலையைத் தைச்சது இவரு கைதானேன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கினேன். தெனமும் காலையில அந்தக் கண்ணாடியைத் தொடைச்சதும் நான்தான்.

ஒரு பௌர்ணமிக்கு என்னைக் கட்டிக்கினவன் வந்தான். புள்ளைக்குத் திருவக்கரை அம்மனைக் காட்டிட்டு இட்டுக்கினு வர்றேன்னான். சாமி காரியம்னு அனுப்பி வெச்சேன். காணைக்கு இட்டுக்கினு போயி உள்ள போட்டுக்கினானுங்க, மாமனாரும் அவனும்.

வக்கீலாண்ட ஓடினேன். "கேஸ் போடலாம்மா, தைச்ச டாக்டரையே சாட்சிக்குக் கூப்புடுவோம்"னாரு. எனக்கு வந்துதே கோவம்! எங்க ஐயாவைக் கூண்டுல ஏத்தறதாவது? "கோர்ட்டெல்லாம் வேணாங்க. ஐயா ஊருக்கு வந்ததும் அவரு முன்னாடி வெச்சுப் பேசினா போதும், காணைக்காரங்க வாயை மூடிக்கினு புள்ளையைக் குடுத்துடுவாங்க"ன்னேன். எங்க பக்கம் அப்டித்தான். கோர்ட்டுன்னா அசிங்கம், பெரியவங்க வார்த்தைன்னா கௌரவம். வக்கீலு என்னை ஒரு மாதிரியா பாத்துட்டு, "உங்க இஷ்டம்மா"ன்னாரு.

ஞாயித்துக்கெழமை கிளினிக்லயே உக்காந்தாங்க. செவத்துல அந்தக் கண்ணாடிப் படம், அதுக்குக் கீழ ஐயா. பின்னாடி கட்சிக்காரங்க. எதிர் பெஞ்சுல மாமனாரு, வெள்ளைச் சட்டையில அவன், நடுவுல புதுப் பாவாடை கட்டிக்கினு பாப்பா.

"எங்க புள்ளை கை நீட்டறவன் இல்லீங்க. இவதான் வேலைக்குப் போவணும்னு ஓடியாந்தவ"ன்னாரு மாமனாரு.

"ஐயா, நீங்கதான தைச்சீங்க. சொம்புன்னு நீங்கதான சொன்னீங்க?" அத்தனை ஆம்பளைங்க முன்னாடியும் தலைமுடியை வெலக்கித் தழும்பைக் காட்டினேன்.

அவரு பாக்கல. மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துண்டுல தொடைச்சாரு. "படியில விழுந்தன்னுதான நீ சொன்ன?"

"சொன்னேங்க. எல்லாரும் சொல்றதுதானங்க. அந்த வீட்டுல படியே கெடையாது ஐயா!"

பின்னாடி ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். ஐயா சிரிக்கல. "பெரியவங்க ஆளுக்கு ஒண்ணு பேசுவோம். கொழந்தைக்குப் பொய் தெரியாது"ன்னு சொல்லிட்டு, "வா கண்ணு"ன்னு பாப்பாவை மடியில தூக்கி உக்கார வெச்சுக்கினாரு. ஓட்டு கேக்கும்போது புடிக்கற மாதிரியே அது கையைப் புடிச்சுக்கினாரு. "அம்மாவுக்கு மண்டையில எப்டிம்மா அடிபட்டுது?"

"நெசத்தைச் சொல்லுடி! நெசத்தைச் சொல்லு!"ன்னு கத்தினேன். அது பயந்துபோச்சு. அப்பனைப் பாத்துது, தாத்தாவைப் பாத்துது, கடைசியா என்னைப் பாத்துது. அப்புறம் பள்ளிக்கூடத்துல பாட்டு ஒப்பிக்கற மாதிரி சொல்லுச்சு.

"அம்மா படியில விழுந்துட்டாங்க."

"பாத்தியாம்மா?"ன்னாரு ஐயா, ரொம்ப சாந்தமா. தகப்பன் வீட்டுல வளரட்டும்னு முடிச்சுட்டாரு. நானும் போயி அனுசரிச்சு இருக்கலாமாம், இல்லன்னா என் இஷ்டமாம்.

பாப்பா அவரு மடியிலேர்ந்து எறங்கி நேரா என்கிட்ட ஓடியாந்துது. புடவையைப் புடிச்சு இழுத்து, "சரியா சொன்னேனாம்மா?"ன்னு கேட்டுட்டு முத்தத்துக்குக் கன்னத்தைக் காட்டிக்கினு நின்னுது. அதுகிட்ட நான் இன்னான்னு சொல்றது? "சமத்து"ன்னேன். முத்தமும் குடுத்தேன். அடுத்த விழுப்புரம் பஸ்ல இட்டுக்கினு போயிட்டாங்க.

எம்.பி. முன்னாடி புள்ளையே சொன்னப்புறம் எந்தக் கோர்ட்டுக்கும்மா போறதுன்னு வக்கீலு கையை விரிச்சுட்டாரு. நான் காணைக்குப் போவல, எனக்குத் தலை வேணும். கிளினிக் வேலையையும் விடல. உனக்கு ரோஷமே கெடையாதான்னு தெருவே கேட்டுது. ரோஷத்தை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? எம்.பி. அவங்க பக்கம் பேசினதுலேர்ந்து காணைக்காரங்களுக்கு எங்க கிளினிக்கை விட்டா வேற ஆஸ்பத்திரி புடிக்கல. புள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா இங்கதான் இட்டுக்கினு வருவாங்க. அதனால காலையில அந்தப் படத்தைத் தொடைச்சு மாட்டிட்டு, வாசலைப் பாத்த மாதிரி உக்காந்துக்கினு, நான் பெத்த புள்ளைக்கு ஜுரம் வரணும்னு சாமியை வேண்டிக்குவேன்.