ஊசியின் மற்றப் பாதி

ஊசி முறியும் சத்தம் மிகச் சின்னது. ஈர்க்கு ஒடிவதைவிடச் சின்னது. ஆனால் பதினொரு வயதில், ராத்தாவின் கலியாணத்துக்கு முதல்நாள், அஸர் தொழுகைக்குப் பிந்திய மாலை வெயிலில், எங்கள் கல்முனை வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது என் விரல்களுக்கு நடுவில் கேட்ட அந்த 'டிக்' இன்றும் காதில் அப்படியே இருக்கிறது.

மூத்த சகோதரியைத்தான் எங்கள் பக்கத்தில் 'ராத்தா' என்போம்; 'கா' என்பது எந்த வயதுப் பெண்ணையும் வாஞ்சையோடு விளிக்கும் சொல். கலியாணப் பதிவான காவின் எழுதும் நாளில் மணப்பெண் கையில் பிடிப்பதற்கு ஒரு சின்னச் 'சுருக்குப்பை' வேண்டும்; 'கைலேஞ்சி' என்கிற கைக்குட்டையும் அத்தர்க் குப்பியும் தவிர அதற்குள் வேறொன்றும் கொள்ளாது. சிவப்பு வெல்வெட்டில் சரிகை நூலால் கொடியும் பூவும், பூவின் நடுவில் வெள்ளை மணி, உள்ளே வெள்ளைத் துணி, இரண்டுக்கும் இடையில் மெத்தென்றிருக்க இலவம்பஞ்சு. பாடசாலைத் தையல் வகுப்பில் முதற்பரிசு வாங்கியிருந்த குற்றத்துக்காக இந்தப் பொறுப்பு விண்ணப்பம் கோராமலே என்மேல் சுமத்தப்பட்டது. பிற்காலத்தில் அரச அலுவலகங்களில் நிர்வாகம் பார்த்தபோது, பதவிகள் பெரும்பாலும் இப்படித்தான் வழங்கப்படுகின்றன என்று கண்டுகொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: அந்தியில் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னபிறகு யாரும் ஊசி தொடக் கூடாது. காரணம் கேட்டால், "தொடப்படாதெண்டா தொடப்படாது" என்பார் உம்மா; மேன்முறையீட்டுக்கு இடமில்லை. வெயில் சுவரில் மேலேறிக்கொண்டிருந்தது; பையின் அடியில் கடைசிப் பூவுக்கு நாலு தையல் மிச்சமிருந்தது. வெல்வெட்டும் பஞ்சும் மடித்த துணியும் ஒன்றாகச் சேர்ந்த தடிப்பில் ஊசி இறங்க மறுக்க, நான் அவசரத்தில் உம்மாவின் பாக்குவெட்டியை எடுத்து, அதன் பிடியால் ஊசியின் தலையில் தட்டினேன். காது உள்ள பாதி என் மடியில் விழுந்தது. கூர்ப் பாதியைக் காணவில்லை.

முறிந்த ஊசியின் இரண்டு துண்டையும் கடதாசியில் குத்திக் காட்டினால்தான் அடுத்த ஊசி தருவார் எங்கள் தையல் ரீச்சர். நடைமுறை எனக்குத் தெரியும், துண்டுதான் இல்லை. பாயை உதறினேன். தரையை உள்ளங்கையால் தடவினேன், கையில் குத்திவிடுமோ என்ற பயத்தோடும், குத்தாமலே போய்விடுமோ என்ற அதைவிடப் பெரிய பயத்தோடும். பையை அமுக்கிப் பார்க்கத் துணிவு வரவில்லை. ஊசியைப் பற்றி உம்மா எங்களுக்குப் புகட்டியிருந்த வைத்தியம் அப்படிப்பட்டது: "ஊசி உடம்புக்குள்ள ஏறினா ரெத்தத்தோட ஓடிப்போய் நெஞ்சுல நிக்கும் புள்ள, அதோட முடிஞ்சி."

பாங்கு கேட்டது. உம்மா வந்து பையைப் பிடுங்கி, "மூணு இதழ்ப் பூவும் பூத்தான், எழும்பு" என்று சொல்லி, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் பையைப் பிரிக்க வேண்டும். பிரித்ததை மறுபடி தைக்க வேண்டும். தைப்பதற்குச் சட்டம் இடம் தராது. நான் எழும்பிப் போனேன். விடியும்வரை அந்தக் கூர் முனை என் கண்ணுக்குள் ராத்தாவின் கையில் ஏறி, முழங்கை தாண்டி, நெஞ்சை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் ராத்தாவை உடுத்தி முடித்து எல்லோரும் வெளியே போன சிறு இடைவெளியில் அவள் காதருகே போனேன்.

"ராத்தா, அந்தப் பைய நெஞ்சோட அணைச்சிப் புடிக்காத."

"ஏன் கா? பல்லி கில்லி உள்ள வெச்சித் தைச்சிட்டியா?"

"ஊசி முறிஞ்சிட்டு. கூர்ப் பக்கத்தக் காணல்ல."

ராத்தாவின் சிரிப்பு நின்றது. "உம்மாக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லாத. அவ மயங்கி விழுந்தா கலியாணத்த ஆரு பாக்கிற?" என்றவள் என் கையைப் பிடித்தாள். அவள் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. "விடியத்துல இருந்து மாப்பிள்ளையோட என்னத்தக் கதைக்கிறதெண்டு பயந்துட்டு இருந்தன். இப்ப அந்தப் பயம் போச்சி கா, உன்ட ஊசிதான் நெஞ்சுல நிக்கிது."

உம்மா பையைக் கொண்டுவந்து நீட்டினார். ராத்தா அதன் சுருக்குக் கயிற்றைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் பிடித்து, உடம்பில் படாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டபடி பெண்களின் குரவைக்கு நடுவே போய் அமர்ந்தாள். சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் உம்மா அருகில் வந்து, "என்ன வடிவான பை கா, இஞ்ச கொண்டா பாப்பம்" என்று கை நீட்டினார். கலியாண நாளில் மாமியாரின் கையில் இரத்தம் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதற்கு எந்த விதியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ராத்தா பையை மெல்ல மறுகைக்கு மாற்றி, தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். மாமியார் கோபிக்கவில்லை. "பாத்தீங்களா, என்ன அடக்கம்! தன்ட சாமான ஆருக்கும் குடுக்காத புள்ள, ஊட்ட நல்லாப் பாக்கும்" என்று சுற்றியிருந்தவர்களுக்குத் தீர்ப்பு வழங்கினார். ராத்தா அதே இரு விரல்களோடு அன்று முழுவதும் இருந்தாள். படமும் அப்படியே எடுக்கப்பட்டது.

அந்தப் பையை அதற்குப் பிறகு எவரும் தொடவில்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் அது அலுமாரியோடு போயிற்று. கூர் முனை அதற்குள்தான் இருந்ததென்றால் அதுவும். ராத்தா மௌத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு வருடம் ஆகிறது. மாமியார் வீட்டுச் சுவரில் இருந்ததால் தப்பிய படம் மட்டும் இருக்கிறது.

சென்ற மாதம் ராத்தாவின் பேத்திக்குக் கலியாணம். அவள் கையில் கடையில் வாங்கிய பை. மணியெல்லாம் பசையால் ஒட்டியது. அவள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த ராத்தாவின் மகள், "விரல் நுனியால புடி புள்ள, எங்கட குடும்பத்துப் பொண்டுகள் அப்பிடித்தான் புடிக்கிற. வேணுமெண்டா சாச்சியக் கேளு" என்று என்னைக் காட்டினாள். எந்த வழக்கத்துக்கும் சுற்றறிக்கை இலக்கம் கேட்டே பழகிய நான், "ஓம், அப்பிடித்தான்" என்றேன். பேத்தி இரு விரலால் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மாமியார் கிட்ட வந்து பையைப் பார்க்கக் கை நீட்டினார்; அதில் ஊசியே பட்டதில்லை என்று தெரிந்தும், நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.