கொயோக் ஒட்டிய திரை

எங்கள் ஈப்போ கடையில் ஒரு பழைய கணினித் திரை இருக்கிறது. அதன் இடது மூலையில், கட்டைவிரல் நகமளவுக்கு வெட்டி ஒட்டிய ஒரு கொயோக் துண்டு. தலைவலிக்கும் தோள்வலிக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒட்டிக்கொள்வார்களே, அதே மருந்துப் பிளாஸ்திரிதான். போன் ரிப்பேருக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, கம்ப்யூட்டருக்கும் தலைவலியா?" என்று கேட்காமல் போனதில்லை. "கம்ப்யூட்டருக்கு இல்லப்பா, நமக்கு வராம இருக்கத்தான்" என்பேன். அதை ஒட்டியவர் என் அண்ணி.

அண்ணி கமுந்திங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஈப்போவை ஒட்டிய சிம்பாங் பூலாய்க்கு வந்தார். அண்ணன் கேமரன் மலைக்காய்கறி ஏற்றும் லாரியோடு போய்விடுவார். வீட்டில் சும்மா இருக்க அண்ணிக்கு ஆகாது, எனக்கோ பார்த்துக்கொண்டிருந்த வேலை போயிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கடை போட்டோம். வாய் என்னுடையது, கை அவருடையது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்வதால் அவர் கழுத்தில் எப்போதும் ஒரு கொயோக் இருக்கும். கடைக்குள் நுழைந்தாலே அந்தக் கற்பூர வாசனைதான் முதலில் வந்து வாங்க என்று கூப்பிடும்.

எழுந்திருக்காத போனுக்கு அதன் உள்மென்பொருளைப் புதிதாக எழுதுவதை எங்கள் தொழிலில் 'ஃபிளாஷ் அடிப்பது' என்போம். அதற்கான நிரலில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதை டிக் செய்துவிட்டால், போனின் சேமிப்பிடத்தைப் பிரிக்கும் தடுப்புகளையெல்லாம் கலைத்து, புதிதாக வரைந்து, அதன்பிறகுதான் எழுதும். பழைய தடுப்புக்குள் இருந்தது என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். நூற்றில் ஒரு வேலைக்குக்கூட அந்தக் கட்டம் தேவைப்படாது. ஆனால் கை சும்மா இருக்குமா? அதனால்தான் அண்ணி, அந்த நிரல் எப்போதும் திரையின் இடது மூலையில் திறக்கும்படி வைத்து, கட்டம் தெரியும் இடத்தில் தன் கழுத்துக் கொயோக்கில் ஒரு மூலையை வெட்டி ஒட்டிவிட்டார். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஈப்போவில் மதியத்துக்கு மேல் எந்த நேரமும் இடி இடிக்கும், கரண்டு போகும். ஃபிளாஷ் பாதியில் நின்றால் போன் வெறும் செங்கல்தான், எதற்கும் உதவாது. ஆகவே எழுத்து வேலையெல்லாம் காலையில் மட்டும். மதியம் யார் வந்து அழுதாலும் "நாளைக்குக் காலையில வாங்க" என்பதுதான் பதில்.

ஒரு கிறிஸ்துமஸ் மாதத்தில் கீர்த்தனை ஐயா வந்தார். பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், பிறகு கண் பார்வை போய்விட்டது. தோட்டத்து ஆலயத்துக்கு அவர் கட்டிய பாட்டுகளை நானும் சின்ன வயதில் பாடியிருக்கிறேன். தோட்டம் போய், வீடமைப்பு வந்தபிறகும் ஆலயம் நிற்கிறது, பாடகர் குழுவும் நிற்கிறது, ஐயாவின் பாட்டும் ஓயவில்லை. ஆனால் ஒரு முறை நோயில் படுத்து எழுந்தபிறகு அவருக்கு ஒரு குறை வந்தது. காலையில் வருகிற மெட்டு மதியத்துக்குள் மறந்துபோகும். அதனால் மெட்டு வந்த அடுத்த நிமிடம் போனை வாயருகே வைத்துப் பாடிப் பதிவு செய்துகொள்வார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் அத்தனையும் அந்தப் போனில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை. டேட்டா தீர்ந்துபோகும் என்று இணையத்தில் நகல் எடுப்பதையும் வீட்டில் அணைத்து வைத்திருந்தார்கள்.

அவர் பின்னால் வந்த மகளின் முகம் அழுது வீங்கியிருந்தது. நடந்ததை அவளே சொன்னாள். அப்பாவின் போன் திரையில் வருவதை ஆங்கிலத்தில்தான் வாசித்துச் சொல்லும். இந்தியாவில் விற்கும் அதே போன் தமிழில் பேசும் என்று யாரோ சொல்ல, கிறிஸ்துமஸ் பரிசாக இருக்கட்டும் என்று இந்திய மென்பொருளை இறக்கி, வீடியோ பார்த்துத் தானே ஃபிளாஷ் அடித்திருக்கிறாள். மாடல் எண்ணின் கடைசி எழுத்து வேறு என்பதைக் கவனிக்கவில்லை. தமிழ் ஆசையில் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. கடையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திட்டவும் மனசு வராது. போன் இப்போது எழுந்திருக்கப் பார்க்கும், தடுமாறும், பிறகு ஒரு கறுப்புத் திரையில் இரண்டே வழி காட்டும்: மறுபடி முயற்சி செய், அல்லது எல்லாவற்றையும் அழித்துவிடு.

"ரெண்டு கடையில கேட்டுட்டேன் அக்கா. அழிச்சா பத்து நிமிசத்துல சரியாயிடுமாம். பாட்டை எடுக்கறது ரொம்ப சுசாலா, கஷ்டம், மறந்துடுங்கன்னு சொல்லிட்டாங்க."

ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "என் பாட்டு இப்ப எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணி கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். அண்ணி அதிகம் பேச மாட்டார், அன்று பேசினார்.

"ஐயா, நீங்க தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல இருந்தவங்கதானே? போனும் ஒரு லயம்தான். வெளிய பாத்தா ஒரே கூரை, உள்ள தடுப்புச் சுவரு. மொத வீட்டுல காலையில எல்லாரையும் எழுப்புற ஆளு. அடுத்த வீட்டுல போன் லைன் பிடிக்கிற ஆளு. நடுவுல பெரிய வீடு, அங்கதான் போனை நடத்துற கூட்டம். கடைசி வீடு உங்களோடது. உங்க பாட்டு, போட்டோ, எல்லாம் அங்க இருக்கு. உங்க மக முன்னாடி வீட்டு ஆளுங்களை மாத்தி வேற ஊரு ஆளுங்களைக் குடி வச்சிட்டா. கடைசி வீட்டை அவ தொடவே இல்ல."

"அப்ப நான் பத்திரமாத்தான் இருக்கேன். கதவுதான் தெறக்கல."

"ஆமாங்கய்யா. சாவி முன் வீட்டு ஆளு கையில. அந்தச் சாவி இல்லாம, போனை ஒடச்சு சில்லை வெளிய எடுத்தாலும் பாட்டு கேக்காது. அவங்க சொல்ற 'அழிச்சிடு' இருக்கே, அது கடைசி வீட்டை இடிச்சுத் தரையாக்குறது. நான் அதைச் செய்ய மாட்டேன்."

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. சரியான மாடலின் நம் நாட்டு மென்பொருள் எங்கள் கணினியிலேயே இருந்தது. அதை எழுதினால் முன் வீட்டு ஆட்கள் திரும்பி வந்துவிடுவார்கள், கதை முடிந்தது. காலை நேரம்தான், வானமும் தெளிவு. நான் கேபிளைக் கையில் எடுத்துவிட்டேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு தம்பி. அந்த இந்தியாக்காரன் தேதியில புதுசு. ஒரு தடவை எழுந்திருக்கப் பாத்திருக்கான். அப்பவே சாவியைத் தன் தேதிக்கு மாத்தியிருந்தா? நம்மகிட்ட இருக்கறது பழைய தேதி. பழைய ஆளு புதுச் சாவியைத் தொட முடியாது. பூட்டு ஒரேயடியா இறுகிடும்."

"மாத்தாமலும் இருந்திருக்கலாம்ல அண்ணி?"

"இருக்கலாம். அது இருக்கலாமா இல்லையான்னு ஐயா பாட்டை வச்சுப் பாப்பியா?"

கேபிளைக் கீழே வைத்தேன். நம் நாட்டுக்கு அதே தேதியிலோ அதற்குப் பிந்தியோ புதுப் பதிப்பு வரும்வரை காத்திருப்பது என்று முடிவானது. அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸோ யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை. அண்ணி போனை அணைத்து, துணியில் சுற்றி, ஒரு காலி மைலோ டின்னில் வைத்து அலமாரியில் ஏற்றினார்.

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. மகள் அடிக்கடி வந்து நிற்பாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "அக்கா, உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. அப்பா ராத்திரியெல்லாம் மெட்டைத் தேடிக்கிட்டுக் கெடக்கறாரு. பாடகர் குழு பழைய பாட்டையே பாடிக்கலாம்னு பேசிக்கறாங்க" என்று வெடித்தாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்ணிக்கு வரவில்லை. "முடியும்னும் நான் சொல்லலம்மா, முடியாதுன்னும் சொல்லல. கெடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றார். அவள் போனபிறகு கழுத்துக் கொயோக்கை உரித்துப் போட்டுவிட்டு வேறொன்றை ஒட்டிக்கொண்டார். பிறகு அந்த மைலோ டின்னை இறக்கி, திறந்து பார்த்து, மறுபடி அலமாரியில் ஏற்றினார். அவருக்கும் பயம் இருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தினமும் கடை திறந்ததும், சாமிக்குக்கூட அப்புறம்தான், புதுப் பதிப்பு வந்ததா என்று பார்ப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு காலை, "தம்பி, வந்துடுச்சு. அவனைவிடப் புதுத் தேதி. ஐயாவைக் கூட்டிட்டு வா" என்றார். நான் மோட்டார் சைக்கிளில் பறந்தேன். ஐயா வேட்டியைச் சரிசெய்யக்கூட நிற்கவில்லை. மகள் தன் வண்டியில் பின்னாலேயே வந்தாள்.

மாடல் எண்ணின் கடைசி எழுத்தை அண்ணி சத்தமாக வாசித்தார். என்னையும் வாசிக்கச் சொன்னார். இறக்கிய தொகுப்புக்குள் இரண்டு கோப்புகள் ஏறக்குறைய ஒரே பெயரில் இருக்கும். ஒன்று கடைசி வீட்டைத் துடைத்துவிடும், மற்றது விட்டுவைக்கும். விட்டுவைப்பதைத் தேர்ந்தார். விரலைக் கொயோக்மேல் ஒரு முறை வைத்து, அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று நிரலை நகர்த்திப் பார்த்தார். பிறகு தொடங்கினார். பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது. போன் தானாக அணைந்து எழுந்தது.

"இனி ரெண்டுல ஒண்ணு" என்று மெதுவாகச் சொன்னார். "'வாங்க வாங்க'ன்னு புதுப் போன் மாதிரி வரவேத்துச்சுன்னா, எல்லாம் போச்சு. பின் நம்பர் கேட்டுச்சுன்னா பொழச்சுது."

நிறுவனத்தின் சின்னம் வந்தது. போகவே இல்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். போன் திடீரென்று அணைந்து மறுபடி எழுந்தது. அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எங்கள் யாருக்கும் முன்னால் ஐயாதான் கண்டுபிடித்தார். போன் தன் பழைய ஆங்கிலக் குரலில் ஏதோ முணுமுணுத்தது. ஐயா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "பின் கேக்குதும்மா! பின் கேக்குது!" என்று கத்தினார்.

மகள் நம்பரை அழுத்தினாள். முதல் பதிவைத் தட்டினாள். ஒரு சேவல் கூவியது, ஒரு இருமல், அப்புறம் ஐயாவின் கரகரத்த குரலில் ஒரு மெட்டு. ஐயா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "நல்லாத்தான் கட்டியிருக்கேன்லா" என்றார். மகள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அண்ணி முதல் காரியமாகப் பாட்டுகளை எல்லாம் கணினியில் நகல் எடுத்தார். பிறகு தமிழில் பேசும் ஒரு குரல் செயலியைப் போனில் ஏற்றினார். "முன்வீட்டு ஆளுங்களை இதுக்காக மாத்தவே வேணாம்மா. தமிழ் உங்க அப்பா வீட்டுக்குள்ளயே குடி வந்துக்கும்" என்றார். போன் அன்றைக்கு நேரத்தைத் தமிழில் சொன்னதும் ஐயா குழந்தை மாதிரி மறுபடி மறுபடி நேரம் கேட்டார்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அண்ணியும் நானும் போனோம். அவருக்குப் பாட வராது, கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். புதுப் பாட்டுகளைக் குழு பாடியது. ஆலயம் அதிர்ந்தது என்று சொன்னால் கூட்டிச் சொல்வதாகாது. முடிந்ததும் ஐயா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வழி நெடுக வந்தவர், எங்கள் வரிசையில் நின்றார். மூக்கை உறிஞ்சினார். "கொயோக் வாசனை வருது. போன் கடை அம்மா இங்கதான் இருக்காங்க" என்று ஆலயம் கேட்கச் சொல்லிவிட்டுக் கைகூப்பினார். அத்தனை தலைகளும் திரும்பின. அண்ணி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். எனக்கோ நெஞ்சு விம்மி, இது யார் தெரியுமா, என் அண்ணி என்று பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் சொன்னேன். அவர்களுக்கு முன்பே தெரியும், இருந்தாலும் சொன்னேன்.

அண்ணன் லூமுட் படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்தபிறகு, அண்ணி அங்கே தனக்கென்று ஒரு கடை போட்டுவிட்டார். பங்கோர் தீவுக்குப் போகிறவர்களின் உப்புத்தண்ணீர் குடித்த போன்கள் எல்லாம் இப்போது அவர் கையில்தான். அவர் கடையில் மதியத்துக்கு மேல் எழுத்து வேலை கிடையாது. என் கடையிலும் கிடையாது.

போன வாரம் எனக்குப் புதுத் திரை வந்தது. பழையதைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கொயோக்கை உரிக்கப் பார்த்தேன். காய்ந்து இறுகிப் போயிருந்தது, வாசனையும் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்து மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, புதுத் திரையின் இடது மூலையில், நிரலைத் திறந்து இடம் பார்த்து, ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். அப்போது கீர்த்தனை ஐயா மகளோடு உள்ளே வந்தார், சார்ஜர் வாங்க. வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது.

"அவங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா" என்றேன். "ஆனா இங்கதான் இருக்காங்க."