பங்க்கில் கூட்டம்

சோமனூர் வெங்கடலட்சுமி, கண்ணால் பார்க்காத எதையும் வாங்கியவர் அல்ல. பழைய தறி வாங்கப் போனாலும் அரை நாள் ஓடவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் பங்கை வாங்கும் முன்பும் அப்படித்தான் எடை போட்டார். பல்லடம் ரோட்டில் அந்தக் கம்பெனியின் பெட்ரோல் பங்க்குக்கு எதிரே, டீக்கடையில் தினமும் காலையில் போய் உட்கார்ந்தார். வரிசை நாளுக்கு நாள் நீண்டு ரோட்டுக்கே வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்? தறிகளை விற்று, வந்ததையெல்லாம் அந்தப் பங்கில் போட்டார். தறி போன கூடத்தின் அமைதி அவர் காதை அடைத்தது.

மறுநாள் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடப் போனவர், பங்க் முதலாளி கிளமென்ட்டிடம், "யாவாரம் அமோகமாட்ட இருக்குதுங்க!" என்றார்.

கிளமென்ட் சிரிக்கவில்லை.

"நீங்க வேறங்க அக்கா. கச்சா எண்ணெய் தாறுமாறா ஏறிப்போச்சு. நம்ம கம்பெனி மட்டும் விலையை ஏத்தலீங்க. மத்த பங்க்காரங்க ஏத்துன விலைக்கு ஆளே வராம பூட்டிப்போட்டாங்க. அந்தக் கூட்டந்தானுங்க இது. ஊத்துற ஒவ்வொரு லிட்டருக்கும் கம்பெனிக்கு நட்டமுங்க."

வெங்கடலட்சுமி திரும்பிப் பார்த்தார். வரிசை பாலத்தையும் தாண்டியிருந்தது. இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள்.

"டேங்க் ரொப்பீரலாமுங்களா?" என்று கிளமென்ட் குழாயை எடுத்தார்.

"வேண்டாமுங்க," என்றார் அவர். "அரை லிட்டர் போதும்."