வாத்தியார் போல்ட்டுகளைக் கழற்றிய நாள்

1. முதல் நாள்

புது வாத்தியார் வந்த முதல் நாள் எங்களில் ஒருவரையும் சுட விடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் தென்காசியில் போலீஸ் வேலையில் இருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை குற்றாலம் மலையடிவாரத்தில் எங்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும். ஆனி ஆடியில்தான் வைப்பார்கள். காலையில் சுட்டுவிட்டு மத்தியானம் அருவியில் குளிக்கலாம் என்று ஏதோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்திலேயே யோசித்திருக்க வேண்டும். சுடக் கற்றுக்கொடுப்பவரை நாங்கள் வாத்தியார் என்போம்.

பழைய வாத்தியார் சுடுவதில் சூரர். மேலே எறிந்த தேங்காய்ச் சிரட்டை கீழே விழுவதற்குள் உடைந்திருக்கும். நாங்கள் கைதட்டுவோம். எங்கள் குறி தப்பினால் பிரம்பு பேசும். அவரிடம் பிரம்புக்குப் பயப்படக் கற்றுக்கொண்டேன். துப்பாக்கிக்குப் பயப்படக் கற்கவில்லை. எது அதிகம் தேவை என்று அப்போது எனக்குத் தெரியாது.

புதியவர் பெயர் வேலாயுதம், செங்கோட்டைக்காரர். முதல் யுத்தத்தில் மெசபடோமியாவுக்குப் போய் வந்தவர். வந்ததும் எங்களை இரண்டிரண்டு பேராகக் குழிக்குள் இறக்கினார். குழி என்பது டார்கெட்டுகளுக்கு அடியில் வெட்டியிருக்கும் ஆளுயரப் பள்ளம். அதற்கு முன்னால் பெரிய மண்மேடு. உள்ளே இருப்பவர்கள் டார்கெட்டைக் கயிறு போட்டு ஏற்ற வேண்டும்; சுட்டு முடிந்ததும் இறக்கி, ஓட்டைகளில் காகிதம் ஒட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அன்று இருநூறு கெஜத்துக்கு அப்பால் நின்று அவர் ஒருவரே சுட்டார். நாங்கள் உள்ளே குத்தவைத்திருந்தோம். ஈர வேட்டியைக் காதுக்குப் பக்கத்தில் ஓங்கி உதறியது போல ஒவ்வொரு குண்டும் தலைக்கு மேலே போனது. நான் தலையை முழங்கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டேன்.

"கேட்டுதா?" என்றார் வந்து. "இனிமே துப்பாக்கியத் தொடும்போதெல்லாம் இது ஞாபகத்துல இருக்கணும். இன்னைக்கு இது மதி, போதும். போய்ச் சாப்பிடுங்க."

2. சுண்டு விரல்

யார் கையிலிருந்து ரைபிள் வாங்கினாலும் அவர் போல்ட்டை, அதாவது குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டை, இழுத்துத் திறப்பார். அதைக் கழற்றிவிட்டால் ரைபிள் வெறும் குழாய்தான். கண்ணால் பார்ப்பார். பிறகு குண்டு இருக்கும் இடத்தில் சுண்டு விரலை விட்டுத் தடவுவார். தானே கீழே வைத்துவிட்டுத் தானே எடுத்தாலும் அப்படித்தான். அவர் கொடுக்கும்போது நாம் திறந்து பார்க்காவிட்டால் பேசாமல் திரும்ப வாங்கிக்கொள்வார். அன்றைக்கு நமக்குத் துப்பாக்கி கிடையாது.

"வீட்டுல பொஞ்சாதி காப்பி கொடுத்தாலும் டம்ளருக்குள்ள வெரல விட்டுப் பாத்துட்டுத்தாம்லே குடிப்பாரு" என்பான் மாடசாமி. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், சுரண்டைக்காரன், வாய் சும்மா இருக்காது. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

3. எழுப்புகிற குண்டு

பழைய வாத்தியார் காலத்திலிருந்து ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. டார்கெட் ஏறத் தாமதமானால் குழிக்காரன் தூங்குகிறான் என்று அர்த்தம். அவனை எழுப்ப, மண்மேட்டின் உச்சியைப் பார்த்து ஒரு குண்டு போடுவார்கள். மண் தலையில் கொட்டும், அவன் பதறிக்கொண்டு கயிற்றை இழுப்பான். எல்லோருக்கும் அது வேடிக்கை. குழியில் இருந்தவர்களே ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த ஆடியில் ஒரு காலை, குழியில் நானும் மாடசாமியும் இருந்தோம். இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்திருந்தார்; அந்த வேடிக்கை அவருக்கும் பழக்கம்தான். எங்கள் மேல் விழுந்தது சாரல்தான். மலைக்கு மேலே பேய்மழை என்பது கீழே யாருக்கும் தெரியாது. மேகம் இறங்கி மைதானமே வெள்ளையாகிவிட்டது. நாங்கள் டார்கெட்டை இறக்கி ஓட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்க ஓடை உடைத்துக்கொண்டு வந்தது. செம்மண் தண்ணீர் மடமடவென்று குழிக்குள் விழுந்தது. பின்சுவர் சரிந்தது. டார்கெட்டின் இரும்புச் சட்டம் அப்படியே சாய்ந்து மாடசாமியின் காலை முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டது. நாங்கள் ஆபத்தென்று காட்டும் சிவப்புக் கொடி மண்ணுக்குள் போய்விட்டது.

சட்டத்தை என் கைகளால் அசைக்க முடியவில்லை. அவன் உட்கார்ந்த வாக்கில் மாட்டியிருந்தான். தண்ணீர் அவன் நெஞ்சுக்கு ஏறியது. நெம்புவதற்கு ஒரு கடப்பாரை இருந்தது. ஆனால் அதை மேட்டின் மேலே குத்தி வைத்திருந்தோம். அதை எடுக்க நான் மேட்டுக்கு மேல் தலையைக் காட்ட வேண்டும். கத்திப் பார்த்தேன். ஓடையின் இரைச்சலில் என் குரல் மேட்டைத் தாண்டவே இல்லை.

"எழும்பாதலே!" என்று மாடசாமி என் சட்டையைப் பிடித்தான். "டார்கெட் ஏறலல்லா? இப்பம் எழுப்புத குண்டு வரும்லே! என் புள்ளைய மூணும் பொம்பளப் புள்ளையலே, நீயாவது உசுரோட போயி அதுகளப் பாரு."

தண்ணீர் அவன் கழுத்துக்கு வந்துவிட்டது. குண்டு வரட்டும் என்று காத்திருக்க முடியாது. வருவதற்கு முன் எழுந்திருக்கவும் முடியாது. அந்த நேரத்தை எப்படிச் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

குண்டு வரவில்லை.

அந்தப் பக்கம் நடந்ததைக் கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். டார்கெட் ஏறாததைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். "தூங்குதானுவ. வாத்தியாரே, மேட்டுல ஒண்ணு போடச் சொல்லும். எழும்பிருவானுவ."

வாத்தியார், "சீஸ் ஃபயர்" என்றார். எல்லோரையும் ரைபிளைத் திறந்து தரையில் வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகக் குனிந்து, சுண்டு விரல் விட்டுப் பார்த்து, போல்ட்டைக் கழற்றிக் கித்தான் பையில் போட்டார். எந்த போல்ட் எந்த ரைபிளுடையது என்பது மாறவே கூடாது. அந்த விஷயத்தில் அவர் எமன். அன்று அவரே எல்லாவற்றையும் ஒரே பையில் கலந்தார்.

"நான் சொன்னது ஆர்டர், ஓய்!" என்று இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டார்.

"ஐயா சொன்னது கேட்டுது. அங்கன என்ன நடக்குன்னு தெரியல. பாத்துட்டு வாரேன்."

இன்ஸ்பெக்டர் கையில் வைத்திருந்த சொந்த ரைபிளுக்கு முன் போய் நின்று வாத்தியார் கையை நீட்டினாராம். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. வேலை போகப்போகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அந்த போல்ட்டும் பைக்குள் போனது.

குழிக்குள் எனக்கு முதலில் கேட்டது இரும்போடு இரும்பு உரசும் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். எந்த இடத்தில் தலையை நீட்ட நான் நடுங்கினேனோ, அந்த மேட்டு உச்சியில், மேகத்துக்கு நடுவே, தோளில் பையோடு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். கோயிலில் திரை விலகும்போது வரும் சிலிர்ப்பு எனக்கு உடம்பெல்லாம் வந்தது.

"எல்லாத் துப்பாக்கியும் என் தோள்ல கெடக்கு. எழும்பு!" என்று சொல்லிக்கொண்டே கடப்பாரையைப் பிடுங்கிக் குழிக்குள் குதித்தார்.

இருவரும் நெம்பினோம். பின்னாலேயே இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். நிலைமையைப் பார்த்ததும் பூட்ஸோடு இறங்கி, தண்ணீருக்குள் முங்கிச் சட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். வாய்க்குள் தண்ணீர் போக ஆரம்பித்த பிறகுதான் மாடசாமியின் கால் வெளியே வந்தது.

மேட்டில் எல்லோரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். இன்ஸ்பெக்டர் முகத்துச் சேற்றை வழித்துவிட்டுக் கேட்டார்: "குழிக்குள்ள வெள்ளம்னு உமக்கு எப்படி ஓய் தெரிஞ்சுது?"

"தெரியாது ஐயா."

"பின்னே?"

"தெரியாததுனாலதான் சுட விடல."

பிற்காலத்தில் நானும் பல வருஷம் துப்பாக்கி வாத்தியாராக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம், உன் குறி எப்படி என்று நான் கேட்டதில்லை. குறி பார்க்கச் சீக்கிரம் பழகிவிடலாம். மேலதிகாரி பின்னால் நின்று சத்தம் போடும்போது, "எனக்குத் தெரியல, சுட மாட்டேன்" என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். இதை வாசிக்கிறவர்கள் கையில் நாளைக்கு ஒரு துப்பாக்கி வந்தால், உங்களுக்கு வாய்த்த வாத்தியார் அதைச் சொல்லக்கூடியவரா என்று மட்டும் பாருங்கள்.

மாடசாமிக்கு அதன் பிறகு கால் சரியாகவில்லை. சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தான். அந்தக் காலோடுதான் மூன்று பெண்களின் கல்யாணப் பந்தலிலும் ஓடி ஓடி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டான்.