பீரோவுக்குள் இருந்த இறப்புச் சான்றிதழ்

கொரோனா அடங்கி, பனியன் கம்பெனிகள் மறுபடியும் முழு ஷிஃப்ட் ஓட ஆரம்பித்திருந்த நேரம். திருப்பூர் வீரபாண்டியில் நாங்கள் வேறொரு வாடகை வீட்டுக்கு மாறினோம். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவர் துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார். புது வீட்டில் துணிமணி வைக்க வசதியில்லை என்று பல்லடம் ரோட்டில் பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு இரும்பு பீரோ வாங்கினோம்.

துடைப்பதற்காக லாக்கருக்குள் இருந்த இழுப்பறையை வெளியே எடுத்தேன். அதன் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவர் சிக்கிக் கிடந்தது. உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். விரித்துப் பார்த்தால் இறப்புச் சான்றிதழ். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய மாதிரி. அச்சடித்த படிவத்தில் பேனாவால் எழுதி, ஊதா நிறத்தில் வட்ட முத்திரை குத்தியிருந்தது. ஒரு பெண்ணின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், சோமனூர் பக்கத்தில் ஒரு கிராமத்து விலாசம். இருபது வருஷம் இருக்கும் அவர் இறந்து.

முன்பின் தெரியாத ஒருவரின் சாவை வீட்டுக்குள் வைத்திருக்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. என் கணவர்தான், "கொண்டுபோய்க் குடுத்துருவோம். எங்க அப்பா செத்தப்ப இந்தப் பேப்பருக்குப் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்" என்றார். மடிப்பில் தாள் கிழிகிற நிலையில் இருந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கடைக்காரரிடம் கேட்டோம். பீரோ அந்த ஊரிலிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பினோம். ஊருக்குள் நுழைந்ததும் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். விலாசத்தில் இருந்தது புதிதாகக் கட்டிய மாடி வீடு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவர் வெளியே வந்தார். இறந்துபோனவரின் அண்ணன் என்று பேச்சில் தெரிந்தது. முதலில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். தாளை நீட்டியதும் முகம் மாறிவிட்டது.

"இது எங்கிருந்துங்க கெடச்சுது?"

பீரோவைப் பற்றிச் சொன்னோம். சங்கடமாக இருந்ததால், பேச்சுக்கு, "பாவம், என்ன ஆச்சுங்க அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"காச்சலுங்க" என்றார் அவர். அதே நேரத்தில் கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி, "கெணத்துல வுழுந்துட்டாங்க" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "அதெல்லாம் பழைய கதைங்க தம்பி. வந்ததுக்குச் சந்தோசம். போய்ட்டு வாங்க."

பைக்கை எடுத்துத் தெருமுனை திரும்பினோம். பக்கத்துத் தறிக் கொட்டகையிலிருந்து ஒருவர் வேகமாக வந்து கை காட்டி நிறுத்தினார். நாங்கள் ஏதோ நிலம் விசாரிக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் போல. விஷயத்தைச் சொன்னோம். 

"அந்தப் புள்ள செத்துப்போச்சுங்களா? போன தைப்பொங்கலுக்கு முன்னால அருள்புரம் பஸ் ஸ்டாப்புல நான் பாத்தனுங்களே. என்னைக் கண்டதும் முந்தானையில மொகத்த மூடிக்கிச்சு."

அவர் சொன்னது இதுதான். அந்த வீட்டுத் தறியில் வேலை பார்த்த தெக்கத்திப் பையன் ஒருவரோடு அந்தப் பெண் போய்விட்டாராம். வீட்டில் தலைமுழுகி, உயிரோடு இருப்பவருக்குக் கருமாதியே செய்தார்களாம். சான்றிதழ் வாங்கியது மட்டும் ஊரில் யாருக்கும் தெரியாது.

திரும்பி வரும் வழியில் என் கணவர், இது நமக்குத் தேவையில்லாத வேலை என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அருள்புரம் முழுக்கப் பனியன் கம்பெனிகள்தான். நம்மைப் போல ஏதோ ஒரு கம்பெனியில் துணி பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, தான் செத்துப்போனது தெரியாமல் இருக்கிறாள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. என் கம்பெனிக்கு அருள்புரத்திலிருந்து வேலைக்கு வருபவர்களிடம் ஊரையும் பெயரையும் சொல்லி விசாரித்தேன். சில வாரங்களில் ஆள் தெரிந்துவிட்டது. அவரும் செக்கிங்தான்.

ஷிஃப்ட் முடியும் நேரம் அந்தக் கம்பெனி கேட்டில் காத்திருந்து பார்த்தேன். அக்கா என்றே கூப்பிட்டேன். மெலிந்த உடம்பு, சேலை மேலெல்லாம் பஞ்சுத் தூசி. அப்பா பெயர், ஊர் எல்லாம் சரியாக இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

அவர் எட்டாவது வரை படித்தவர். ஒவ்வொரு வரியாகப் படித்தார். தேதிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது எம் பொண்ணுக்கு மொட்டை போட்ட மாசங்க" என்றார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கருமாதி செய்ததெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கேட்டது வேறு.

"இது நெசமான பேப்பருங்களா? இல்ல, கோவத்துல யாருகிட்டயாவது சும்மா அடிச்சு வாங்கி வெச்சிருக்கறாங்களா? பொய்ப் பேப்பருன்னா அது கோவங்க. நெசப் பேப்பருன்னா அது திட்டம் போட்டுப் பண்ணுனதுங்க."

சான்றிதழில் இருந்த தேதிக்கு முந்தைய வருஷம்தான் அவருடைய அப்பா இறந்திருக்கிறார். சேதி இவருக்கு வந்து சேரவே பல மாதம் ஆகியிருக்கிறது. அப்பா பெயரில் தோட்டம் இருந்தது. உயிரோடு இருக்கும் மகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது எனக்கே புரிந்தது.

மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அவருடைய கணவர் சில வருஷங்களுக்கு முன்பு இறந்துவிட்டார். கணவருடைய இறப்புச் சான்றிதழை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, என் செல்போன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார் அக்கா. அது கம்ப்யூட்டரில் வந்தது, இது கையால் எழுதியது. எதுவும் சொல்ல முடியவில்லை. ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர் மகள் இணையத்தில் தேடினாள். அவ்வளவு பழைய பதிவு அதில் இல்லை. பதிவு எண்ணின் மை ஒரு நிறமாகவும் மற்ற எழுத்தின் மை வேறு நிறமாகவும் இருப்பதைக் காட்டி, "அம்மா, இது போலிதான்" என்று அடித்துச் சொன்னாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். போலியாகத்தான் இருக்கும், போலியாகத்தான் இருக்கும் என்று எங்கள் இருவரிடமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். வீட்டில் எல்லாரும் வெறுத்தபோதும் அம்மா மட்டும் எப்போதாவது யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி வந்து பார்ப்பாராம். வெல்லம் போட்டுக் கச்சாயப் பலகாரம் சுட்டுத் துணியில் முடிந்து எடுத்து வருவாராம். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாராம். இந்தத் தேதிக்கு அப்புறமும் வந்திருக்கிறார். அம்மா இறந்தபோது அண்ணன் இவரை வாசலிலேயே தடுத்துவிட்டார். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பதிவேடு இருக்கும் அலுவலகத்துக்கு மூன்று பேருமாகப் போனோம். முதல் தடவை சிப்பந்தி இல்லை. அடுத்த தடவை பழைய பதிவேடுகள் இருக்கும் அறையின் சாவி இல்லை. பிறகு ஒருநாள், நடுவயதுள்ள ஒரு அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானே உள்ளே போய் அந்த வருஷத்துக் கட்டைத் தூக்கி வந்தார். பதிவு எண்ணைப் பார்த்துப் பார்த்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"சான்றிதழ் ஒரிஜினல்தாம்மா. முறைப்படி பதிவாயிருக்கு."

அக்கா அசையவில்லை. "யாருங்க எழுதிக் குடுத்தது? எங்கண்ணனுங்களா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பினார். தகவல் தந்தவர் என்ற இடத்தில் அக்காவின் அம்மா பெயர் எழுதியிருந்தது. உறவுமுறை: தாய். பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை.

மகள் சட்டென்று, "இது பாட்டி வெச்சதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? யாரோட விரலா வேணும்னாலும் இருக்கலாமே" என்றாள். எனக்கும் அதே நப்பாசைதான். அக்கா குனிந்து அந்த ரேகையைப் பார்த்தார். கறுத்த மைக்கு நடுவே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அதன் மேல் தன் விரலை மெதுவாக வைத்தார்.

"சோளத்தட்டு அறுக்கறப்ப அருவா பட்ட வெட்டுங்க. எங்கம்மாவுதுதான்."

 அலுவலர் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ரத்து செய்ய மனு கொடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா வேண்டாம் என்றார். அந்தத் தோட்டத்தைச் சைட் போட்டு, மனை மனையாக விற்றாகிவிட்டது; அங்கே ஊரே குடி வந்துவிட்டது. இனி என்ன இருக்கிறது என்றார். அந்தப் பதிவு அப்படியே கிடந்தால் நாளைக்கு மகளுக்குத்தான் சிக்கல் என்று அலுவலர் எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார். மனுவில் தவறான தகவல் தந்தவர் யார் என்று எழுத வேண்டியிருந்தது. மகள் எழுதுகிறேன் என்று பேனாவைக் கேட்டாள். அக்கா கொடுக்கவில்லை. தன் கையாலேயே அம்மாவின் பெயரை எழுதினார். கடைசி எழுத்தை முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

விசாரணைக்கு அண்ணனும் வந்திருந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், அதிகாரியிடம் மட்டும் பேசினார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. எல்லாம் அம்மா பண்ணுனதுங்க. அவிய எதுக்குப் பண்ணுனாங்களோ."

அக்கா அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது அன்றைக்குத்தான் உடைந்தது. "அம்மாவுக்கு இந்த ஆபீஸ் எங்க இருக்குதுன்னே தெரியாதுங்க அண்ணா. கூட்டிட்டு வந்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் அதிகாரியிடமே, "கையெழுத்து எங்கீங்க போடோணும்?" என்று கேட்டார். சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வாசலில் அண்ணன் எங்களைத் தாண்டித்தான் போனார். 

பல மாதங்கள் கழித்து ரத்து உத்தரவு வந்தது. அதை வாங்கப் போனபோதும் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். காகிதத்தை வாங்கிப் பையில் வைத்த பிறகு, அக்கா அந்த அலுவலரிடம் கேட்டார்: "அந்தப் பக்கத்தை இனிக் கிழிச்சுப் போட்ருவீங்களா?"

"கிழிக்க மாட்டோம்மா. ஓரத்துல ரத்துன்னு எழுதி வைப்போம்."

"அதுல எனக்கு ஒரு காப்பி கெடைக்குங்களா?"

அவர் புரியாமல் பார்த்தார். இவ்வளவு அலைந்து அழித்த ஒன்றை எதற்குக் கேட்கிறார் என்று எனக்கும் விளங்கவில்லை.

"எங்கம்மா போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்லீங்க. இதுல அவிய வெரல் இருக்குதுங்க."

அதற்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்து நகல் வாங்கினோம். ஜெராக்ஸில் ரேகையின் கோடுகளெல்லாம் கலந்து கறுப்பாகிவிட்டன. வெட்டுத் தழும்பு மட்டும் தெரிந்தது. தான் இறந்துவிட்டதாகச் சொல்லும் அந்தத் தாளை அவர் கணவருடைய சான்றிதழோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அக்கா இன்றும் அருள்புரத்தில் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். எப்போதாவது பார்த்துக்கொள்வோம். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது திடீரென்று, "அம்மா தெரிஞ்சு வெச்சாங்களா, தெரியாம வெச்சாங்களா? உங்களுக்கு என்ன தோணுதுங்க?" என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்தானே, ஏமாற்றிக் கையைப் பிடித்து வைக்க வைத்திருப்பார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. தெரிந்தே ரேகை வைத்துவிட்டு, அந்த உறுத்தலில் கச்சாயம் கட்டிக்கொண்டு வந்திருந்தால்? அதை நான் கேட்கவில்லை. கேட்காமலே அவர் அதையும் நினைத்திருப்பார்.

ஒரு தாள் உண்மையா பொய்யா என்பதை எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் ஒரு மகள் காலம் முழுக்கத் தன் தாயிடம் கேட்டுக்கொண்டிருக்கப்போகும் கேள்வியை அவர் கையில் கொடுத்தது நான்தான் என்ற எண்ணம், நல்லதுதானே செய்தாய் என்று யார் சொன்னாலும், இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.