எல்லோருக்கும் புரிந்த சொல்

ஜெர்மனியில் மகன் இருக்கும் ஊரின் விடுமுறைச் சந்தைக்குப் போயிருந்தோம். கூட்டத்துக்கு நடுவே “பாப்பா!” என்று ஓர் அலறல். இந்த வயதிலும் திடுக்கிட்டுத் திரும்பினேன்.

அறுபதுகளில் ஒரு சங்கராந்திக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறி, ஆந்திர எல்லையைத் தாண்டிச் சூலூர்ப்பேட்டைச் சந்தைக்குப் போனோம். “கைய உட்டுடாத பாப்பா. அங்க நம்ம பேச்சு ஒருத்தனுக்கும் புரியாது” என்றார் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வளையல் கடையில் ஒரு நொடி கையை விட்டேன். நிமிர்ந்தால் சுற்றிலும் வேட்டிக் கால்கள், எதுவும் அவருடையதில்லை.

“நைனா!” என்று கத்தினேன்.

ஐந்தாறு ஆண்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அந்த ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அங்கேயும் அப்பாவுக்கு அதே சொல்தான் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் “ஏடவகம்மா, ரா” என்று தெலுங்கில் ஏதோ சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டார். மேலெல்லாம் சுருட்டு வாடை. பிள்ளை பிடிக்கிறவன் என்றே நினைத்தேன். மறுபடி கத்தினால் இன்னும் பல நைனாக்கள் வந்துவிடுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போதுதான் தூரத்தில் “பாப்பா! பாப்பா!” என்று கேட்டது. நைனா அழுது அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“இங்க ஜெர்மனில அப்பனைத்தான் பாப்பான்னு கூப்புடுவாங்கம்மா. அந்தக் கொயந்த அப்பனைத் தேடுது” என்றான் மகன்.

குழந்தை மறுபடி கத்தியது. நாலைந்து ஆண்கள் திரும்பினார்கள்.

“கை நோவுதும்மா, உடு” என்றான்.

நான் விடவில்லை.