விரதம் இல்லாதவருக்கும் தலை சுற்றியது

போன வியாழக்கிழமை சூரன்போர், கந்தசஷ்டியின் கடைசி நாள். லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவதற்காகப் பட்டுச் சேலை கட்டி, தலை வாரிக்கொண்டு நின்றேன். ஆனால் அன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டு வாசலில், ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த வாரம் இந்தப் பத்தியில் சிரிப்புக் கதை இல்லை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

யோகன் அண்ணையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் ஊர்க்காரர். சுவிஸில் பதினொரு வருடம் பாக்டரியில் மெஷின் திருத்தியவர். நாலு வருடத்துக்கு முன் மனைவி வசந்தி அக்காவோடு லண்டனுக்கு வந்து வீடு வாங்கினார். நல்ல மனிதர். ஆனால் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைத்துவிட்டால் ஆளே வேறு.

கந்தசஷ்டி தொடங்குவதற்கு முதல் நாள் அவர்கள் சமைக்கும் குசினியில் இருக்கும், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் அடிக்கடி அணைந்து அணைந்து போயிருக்கிறது. பதிவு பெற்ற என்ஜினியரைக் கூப்பிடுங்கோ என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"உந்தப் பெட்டிக்கு ஒரு ஆளோ? இதைவிடப் பெரிய மெஷினெல்லாம் கழட்டிப் பூட்டினனான்" என்றாராம் அண்ணை.

கழற்றினார். துடைத்தார். பூட்டினார். பாய்லரும் எரிந்தது... சும்மா இல்லை, நீலமாக எரிய வேண்டியது மஞ்சள் மஞ்சளாக எரிந்தது. அதையும் பெருமையாக எனக்குப் போனில் சொன்னார். அதோடு விட்டாரா? குசினிச் சுவரில் காற்று வருவதற்காக விட்டிருந்த துவாரத்தால் குளிர் வருகிறது என்று, அரிசிப் பையை மடித்து அதையும் அடைத்தார்.

மறுநாள் விரதம் தொடங்கியது. அக்கா ஆறு நாளும் பாலும் பழமும்தான். இரண்டாம் நாளே தலையிடி. மூன்றாம் நாள் வயிற்றுப் பிரட்டல். பூசைக்குப் பொங்குவதும் படைப்பதுமாக அவர் பொழுது முழுவதும் அந்தக் குசினியில்தான். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "விரதமெண்டால் அப்பிடித்தான்."

நாலாம் நாள் அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணித்தியாலத்தில் முகம் தெளிந்துவிட்டது. "தலையிடி விட்டிட்டுது பிள்ளை" என்றார். வீட்டுக்குத் திரும்பிய பின் திரும்பவும் தலையிடி.

"பாத்தீங்களே அக்கா, முருகன்ரை வாசலுக்கு வந்தோடனை எல்லாம் போயிட்டுது." கோயிலில் வைத்து இந்த அருள்வாக்கைச் சொன்னது யார் தெரியுமா? வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும் நான்தான்.

கோயிலில் சுகம், வீட்டில் வருத்தம். அப்படியென்றால் வீட்டில்தானே ஏதோ பிழை? இதை யோசிக்க எவ்வளவு மூளை வேண்டும்? விரதம் என்ற ஒரு சொல் போதும்... நாங்கள் வேறு எதையும் யோசிக்க மாட்டோம்.

வியாழக்கிழமை சூரன்போருக்காக அண்ணை வேலைக்கு லீவு போட்டு, காலையிலிருந்து வீட்டில் நின்றார். இரண்டு மணிபோல எனக்குப் போன் எடுத்தார். குரல் குழறியது.

"தங்கச்சி, எனக்கும் தலை சுத்துது. வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரிக் கிடக்கு."

இந்த மனிதர் விரதமே இல்லை. மூன்று நேரமும் வயிறாரச் சாப்பிடுகிறவர். அவருக்கு ஏன் தலை சுற்றுகிறது?

"அக்கா எங்கை?"

"குசினிக்கை. நிலத்திலை இருக்கிறா. கூப்பிட்டால் எழும்பிறா இல்லை."

குளிர் தொடங்கும்போது கதவுத் துவாரத்தால் போட்டுவிட்டுப் போகும் நகரசபைக் கவுன்சிலின் நோட்டீஸ் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாய்லர் ஒழுங்காக எரியாவிட்டால் நச்சுக்காற்று வரும். தலையிடிக்கும், சத்தி வரும், மயக்கம் வரும் என்று அதில் எல்லாமே இருந்தது. வாசித்துவிட்டுத்தான் குப்பையில் போட்டிருந்தேன்.

"கதவைத் திறவுங்கோ அண்ணை. அக்காவை வெளியிலை இழுத்துக்கொண்டு வாங்கோ. பிறகு கதைக்கலாம்" என்று கத்தினேன். ஆம்புலன்ஸை நானே கூப்பிட்டுவிட்டு வால்தம்ஸ்டோவுக்கு ஓடினேன். அண்ணை அக்காவை வாசலுக்கு இழுத்து வந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் முகத்தில் ஒக்சிஜன் மாஸ்க். இரத்தத்தைப் பரிசோதித்த பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டு பாய்லரில் யார் கை வைத்தது?" என்பதுதான். யோகன் அண்ணை மெல்லக் கையை உயர்த்தினார்.

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னார். நல்ல காலம், அக்கா தப்பிவிட்டார்.

பிறகு போய்ப் பார்த்த கேஸ்காரர் சொன்னது இதுதான். புகை வெளியே போகும் குழாயின் மூட்டைச் சரியாகப் பொருத்தவில்லை. காற்றுத் துவாரத்தில் அரிசிப் பை. அந்த நச்சுக்காற்று, காபன் மொனோக்சைட், முழுவதும் வீட்டுக்குள். கேஸ் கசிந்தாலாவது மணக்கும், மூக்குச் சொல்லிவிடும். இதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாய்லரை நிறுத்தி, பாவிக்கக் கூடாது என்று சிவப்பு லேபல் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஆண்களிடம் ஒன்று கேட்கிறேன். பல் வலித்தால் குறடு எடுத்துக்கொண்டா கண்ணாடி முன் நிற்கிறீர்கள்? டென்டிஸ்டிடம் ஓடுகிறீர்கள் அல்லவா? கேஸ் என்றால் மட்டும் ஏன் இந்த வீரம்? தெரியாத வேலையைத் தெரியாது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் வீரம் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். அதைச் சுவாசித்துக்கொண்டு வீட்டில் இருப்பது யார்?

அக்கா இப்போது எங்கள் வீட்டில். அண்ணை வட லண்டன் எட்மண்டனில் தன் தம்பி வீட்டில். நேற்றுக் காலை போன் எடுத்தார்.

"தங்கச்சி, அந்த மூட்டு மட்டும்தானே பிழை. நானே இறுக்கிவிடுவன். உந்த ஒரு ஸ்க்ரூவுக்கு ஏன் ஆள்?"

எனக்கு வந்த கோபத்துக்கு... போனைச் சுவரில் அடித்திருப்பேன். அடக்கிக்கொண்டேன்.

"இறுக்குங்கோ அண்ணை. ஆனால் வசந்தி அக்கா இனி அங்கை வரமாட்டா. நீங்கள் தனியத்தான் அந்த வீட்டிலை படுக்கோணும்."

அரை மணித்தியாலத்தில் பதிவு பெற்ற என்ஜினியருக்குப் போன் போட்டுவிட்டார்.